வளைவிலிருந்து இருபத்திரண்டு காலடி

ஒஸ்லோ
2025 மாசி (பெப்ரவரி) 6

வனஜா அவர்களுக்கு,

அல்னா ஆற்றங்கரையில், மூடிப்போன முலாம் ஆலையின் களஞ்சியத்தில் அரிசியும் வெங்காயமும் இறக்கி விற்கிற சின்னராசா எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை ஆலை நிலத்தில் நீங்கள் போடப்போகிற பூங்காவுக்கான கூட்டத்தில் கடைசி வரிசையில் இருந்து, பாதியில் எழுந்து போன ஆள். நீங்கள் வாசல் வரைக்கும் பின்னால் வந்து, "சார், ரெண்டு நிமிஷம் பேசலாமா சார்?" என்று கேட்டீர்கள். வாயால் சொன்னதை நாளைக்கு யாரும் சொல்லவில்லை என்பார்கள். அதனால் கடதாசியில் எழுதுகிறேன். மின்னஞ்சல் எனக்கு வேண்டாம். அதை யார் யாருக்குத் தள்ளிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியாது.

உங்கள் வரைபடத்தைப் பார்த்தேன். ஆற்றோரம் நடைபாதைக்கு இரும்புத் தகட்டில் வேலி. புதிய இரும்பாம், வாங்கி, மழையில் துருப்பிடிக்க விட்டு, பிறகு பூட்டுவீர்களாம். துரு இந்த இடத்தின் 'ஞாபகம்' என்று உங்கள் ஆபீஸ் தலைவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். நான் வியாபாரி. துருப்பிடித்த தகரத்தில் சரக்கு வந்தால் திருப்பி அனுப்புகிற ஆள். ஞாபகம் என்று நினைத்து வைத்துக்கொள்வதில்லை.

பிறகு ஒரு புல்வெளி. பெயர் 'இயற்கைப் புல்வெளி'. அதில் நிற்பது இப்போது களஞ்சியத்தின் பின்னால் நிற்கிற அதே களைதான். அதை நான் வெட்டினால் துப்புரவு, நீங்கள் விட்டால் வடிவமைப்பு. 'பல்லினச் சுவைத் தோட்டம்' என்று ஒரு மூலையில் கறிவேப்பிலையும் நடப்போகிறீர்களாம். ஐப்பசியில் அது செத்துப்போகும். அதற்கும் ஒரு நினைவுப் பலகை வைப்பீர்களோ தெரியாது.

இதெல்லாம் உங்கள் விருப்பம். பழைய தொழிலாளி என்று என் குரலைப் பதிந்து, ஒலிபெருக்கியில் போட்டு, காலையில் ஓடுகிற ஆட்களுக்குக் கேட்கவைக்க ஆசைப்பட்டீர்கள். அந்த ஆலையின் புகை இன்னும் என் தொண்டையில் இருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு யாரும் ஓட வேண்டியதில்லை.

ஒரேயொரு காரியம். ஆறு வளைந்து அகலமாகிற இடத்தில், பிள்ளைகள் தண்ணீரில் இறங்கி விளையாட என்று மரப்படிகள் வரைந்திருக்கிறீர்கள். அதை மட்டும் வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கள். காரணம் கேட்காதீர்கள்.

சின்னராசா

*

ஒஸ்லோ
14 பிப்ரவரி 2025

சின்னராசா சார்,

ஆபீசுக்குத் தமிழில் கைக்கடிதம் வந்தது இதுதான் முதல் தடவை. வரவேற்பில் இருக்கும் பெண் அதைக் கல்யாணப் பத்திரிகை என்று நினைத்து எனக்கு வாழ்த்துச் சொன்னாள்.

நான் பதினாறு வருடமாக லாண்ட்ஸ்கேப் டிசைன் செய்கிறேன். கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்து, ஒரு போட்டியில் ஜெயிக்க இவ்வளவு காலம் ஆனது. துரு இரும்பு தலைவருடைய பைத்தியம், அதை ஒத்துக்கொள்கிறேன். கறிவேப்பிலை கூட்டத்தில் யாரோ மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டியது. நான் எடுக்கவில்லை, எடுத்தால் கருத்துக் கேட்கவில்லை என்பார்கள். ஆனால் அந்தப் படிகள் என்னுடையவை. நடுவர் குழு எழுதிய ஒரே நல்ல வரி அந்தப் படிகளைப் பற்றியது. வெங்காய மூட்டை எங்கே அடுக்குவது என்று நான் உங்களுக்குச் சொல்ல வந்தேனா? காரணம் சொல்லாமல் மாற்று என்றால், நான் மாற்ற மாட்டேன்.

இனி நீங்கள் எதிர்பார்க்காத விஷயம். பதினொன்றாம் தேதி நகரசபைக்கு ஒரு பெயரில்லாக் கடிதம் வந்திருக்கிறது, நோர்வேஜிய மொழியில், கட்டை எழுத்தில். "ஆற்று வளைவில் நஞ்சுப் பீப்பாய்கள் புதைந்திருக்கின்றன, படி கட்டாதீர்கள்." இந்த நாட்டில் நகரசபைக்கு வரும் கடிதமெல்லாம் பொதுப் பட்டியலில் ஏறும், கேட்டவர்களுக்கெல்லாம் பிரதி கொடுப்பார்கள். எனக்கும் ஒன்று வந்தது. கடிதத்தின் உச்சியில் அழகாக ஒரு பிள்ளையார் சுழி! அதைப் பதிந்த அலுவலர் எண் இரண்டு என்று படித்து, "பக்கம் 2. முதல் பக்கம் கிடைக்கவில்லை" என்று குறிப்பு எழுதியிருக்கிறார்.

அந்த இடத்தில் பிள்ளையாருக்கு வணக்கம் வைத்துவிட்டு மொட்டைக் கடிதம் எழுதக்கூடியவர் ஒருவர்தான் இருக்கிறார். நான் யாரிடமும் சொல்லவில்லை.

உண்மையா? உண்மை என்றால் எந்த இடம்? மண் பரிசோதகர்கள் இருபது மீட்டருக்கு ஒன்று என்று துளை போட்டுப் பார்த்து, சுத்தம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பெயரும் இடமும் இல்லாத கடிதத்துக்காக அவர்கள் திரும்பவும் துளை போட மாட்டார்கள். ஏப்ரல் முடிவில் வரைபடம் இறுதியாகிவிடும். அதற்குப் பிறகு படிதான்.

வனஜா

*

ஒஸ்லோ
2025 மாசி 20

வனஜா அவர்களுக்கு,

சுழி போட்டது என் மடத்தனம். முப்பது வருடமாகக் கடையில் சிட்டை எழுதுகிற கை, தன்பாட்டில் போட்டுவிட்டது.

ஆனால் இந்த நகரசபையின் கெட்டித்தனத்தைப் பாருங்கள். எங்கள் ஊர் அரசாங்கக் கந்தோரில் மொட்டைக் கடிதம் வந்தால், பெரியவர் கதவைச் சாத்திக்கொண்டு தனியே வாசிப்பார். அடுத்த வாரம் சத்தமில்லாமல் ஒரு காரியம் நடக்கும். மொட்டைக் கடிதத்துக்கு அவ்வளவு மரியாதை. இங்கே அதைப் பட்டியலில் போட்டு ஊருக்கே காட்டுகிறார்கள், காரியம் மட்டும் நடக்கவில்லை. இதற்கு நான் கோயில் அறிவித்தல் பலகையில் ஒட்டியிருக்கலாம்.

கேட்டீர்கள், சொல்கிறேன். 1986 பங்குனி, ஈஸ்டர் வாரம். நான் வந்து ஆறு மாதம். வயது இருபது. முலாம் ஆலையில் குழாய்களைத் தொட்டியில் முக்கி எடுக்கிற வேலை. ஈஸ்டருக்கு இந்த நாட்டுக்காரர் எல்லாரும் மலையில் இருக்கிற தங்கள் குடில்களுக்குப் போய்விடுவார்கள். ஆலையில் மிஞ்சியது குடில் இல்லாத இரண்டு பேர்: நானும் பிலேந்திரனும். இப்போது ஹவுகெட்டோவில் கடை வைத்திருக்கிறானே, அதே பிலேந்திரன்.

மேற்பார்வையாளன் எங்களைக் கூப்பிட்டு, தொட்டியின் அடியில் தங்கிய மஞ்சள் சேறு அடைத்த நாற்பது சிறு பீப்பாய்களைக் காட்டினான். வளைவுக்கு மேலே, குழாய் போடத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளம் ஒன்று இருந்தது. அதற்குள் போட்டு மூடு என்றான். குரோமியம் என்ற சொல்லை நான் பிறகுதான் படித்தேன். அன்றைக்கு அவன் சொன்னது, "கையுறை போடு" என்பது மட்டும்.

பட்டப்பகலில், வெயிலில் செய்தோம். ஒளிப்பதற்கு ஆளே இல்லை. ஆற்றோரமாகப் பனி மூடிய சமதளம் ஒன்று பாதை மாதிரிப் போனது. அதில் சறுக்குவண்டியில் ஒவ்வொன்றாக இழுத்துவந்து, தண்ணீர் விளிம்பில் நிறுத்தி, பள்ளம் வரை மேலே உருட்டினோம். தண்ணீரிலிருந்து இருபத்திரண்டு காலடி, எட்டி வைத்து நடக்கிற காலடி. நாற்பது தடவை எண்ணிய கணக்கு, மறக்காது.

போதுமா? இதற்குக் கீழே என் பெயரைப் போட மாட்டேன். காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன். நான் சாப்பாட்டுச் சாமான் விற்கிறவன். நஞ்சு புதைத்தவன் என்று பேப்பரில் வந்தால், நான் புதைத்தது ஆற்றங்கரையிலா அரிசி மூட்டைக்குள்ளா என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள். நம் ஆட்கள் நன்றாக யோசிப்பார்கள், வாங்கிய பிறகு. வாங்காமல் விடுவதற்கு யோசிக்கவே மாட்டார்கள்.

இடத்தைச் சொல்லிவிட்டேன். உங்கள் பேனாவை எடுத்துப் படியை இருபது மீட்டர் தள்ளி வரையுங்கள். அதற்கு எதற்கு என் பெயர்?

சின்னராசா

*

ஒஸ்லோ
5 மார்ச் 2025

சின்னராசா சார்,

பேனாவால் தள்ளி வரைந்தால் பீப்பாயும் கூடவே தள்ளிப் போகுமா? வளைவு முழுக்க மண்ணை வெட்டிச் சரித்துப் படி வைக்கிறோம். மண்வெட்டும் இயந்திரம் எப்படியும் அங்கே வரும். பெயர் தெரியாத ஒருவர் சொன்னார் என்று அதை நிறுத்த என்னால் முடியாது.

தலைவரிடம் பேசிப் பார்த்தேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. அவர் சிரித்தார். "அது களஞ்சியத்தில் இருக்கும் வெங்காய வியாபாரியின் வேலை. மண் அசுத்தம் என்றால் வேலை இரண்டு வருஷம் தள்ளிப்போகும். அதுவரை அவர் காலி செய்ய வேண்டாம்" என்றார். மேஜையில் இருந்த ஆறு பேரும் தலையாட்டினார்கள். அவர்களுக்கு உங்களைப் பார்த்துப் பழக்கமே இல்லை, ஆனால் உங்களைப் பற்றி எல்லாம் தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்றால் என் படி பிழைக்கும். அரைமணி நேரம் நீங்கள் பொய்யர் என்று நானும் நம்பினேன், ஆசையாக நம்பினேன்.

பிறகு உங்கள் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். பொய் சொல்கிறவர் இருபத்திரண்டு என்று சொல்ல மாட்டார், இருபது என்பார்.

ஆனால் உங்கள் காரணம் இருக்கிறதே! குழந்தைகள் காலை விடப்போகிற மண்ணில் என்ன இருக்கிறது என்று உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் கடை பாழாகிவிடும் என்கிறார். இன்னொருவர் வாயே திறக்கவில்லை. நாற்பது வருஷம் முன்னால் அந்த மேற்பார்வையாளன் எதை நம்பி உங்களைக் கூப்பிட்டான் என்று யோசித்தீர்களா? இவர்கள் பேச மாட்டார்கள் என்று நம்பினான். அவன் கணக்கு இன்னும் தப்பவில்லை.

வனஜா

*

ஒஸ்லோ
2025 பங்குனி 13

வனஜா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, பிறகு ஒட்டி வைத்தேன்.

இடம் பிடிக்கப் பொய் சொல்கிறானாம்! உங்கள் தலைவருக்குச் சொல்லுங்கள்: நான் தெருவோரம் மேசை போட்டு மிளகாய்த்தூள் விற்றுத் தொடங்கினவன். எனக்கு அந்தக் களஞ்சியம் இல்லாவிட்டால் இன்னொரு மேசை. அவருக்கு அந்தத் தலைவர் நாற்காலி இல்லாவிட்டால் என்ன கிடைக்கும் என்று அவர் யோசிக்கட்டும்.

முதலில் பிலேந்திரனிடம் போனேன். இரண்டு பேர் கையெழுத்து என்றால் கனமாக இருக்கும் என்று நினைத்தேன். பதினைந்து வருடத்துக்குப் பிறகு அவன் கடைக்குள் கால் வைத்தேன். ஒரு காலத்தில் நாங்கள் கூட்டாளிகள். கடை வைக்கிற தெம்பு வந்ததும் பிரிந்தோம்.

"பிலேந்திரன், வளைவிலை புதைச்ச பீப்பா நினைவிருக்கோ?"

"என்ன பீப்பா? ஆரின்ரை பீப்பா?"

"எண்பத்தாறு ஈஸ்டர்."

"நான் அந்த ஈஸ்டர் ஒஸ்லோவிலையே இல்லை. பேர்கனிலை மாமா வீட்டை நிண்டனான்."

"உனக்குப் பேர்கனிலை மாமாவே இல்லையடா."

"இருந்தவர். செத்துப்போனார். உனக்கு ஏன் அறிவிக்க வேணும்?" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "அக்கா, இவர் சாமான் வாங்க வரேல்லை, என்ரை விலையைப் பாத்துக்கொண்டு போக வந்திருக்கிறார்" என்றான்.

சரி. இதோடு இரண்டு கடதாசி வைத்திருக்கிறேன். ஒன்று, நோர்வேஜிய மொழியில் என் வாக்குமூலம், பெயர், முகவரி, கையெழுத்தோடு. மகள் யதுர்ஷா திருத்தித் தந்தாள். முதலில் நான் எழுதியதை வாசித்துவிட்டு, "அப்பா, இது வாக்குமூலம் இல்லை, ஏச்சு" என்றாள். இப்போது பாதி ஏச்சைக் குறைத்திருக்கிறேன். இரண்டாவது, களஞ்சியத்தை வைகாசி முடிவில் நானாகவே விட்டுப் போகிறேன் என்று நில உரிமையாளருக்குக் கொடுத்த அறிவித்தலின் பிரதி. மண் அசுத்தமென்றாலும் சுத்தமென்றாலும் போகிறேன். இனி என் சொல்லுக்குப் பின்னால் என்ன லாபம் இருக்கிறது என்று உங்கள் ஆறு பேரும் தலையாட்டித் தேடட்டும்.

அந்த மேற்பார்வையாளனைப் பற்றி நீங்கள் எழுதிய வரி அநியாயம். ஆனால் பிழை என்று எழுத எனக்கு வரவில்லை.

சின்னராசா

*

ஒஸ்லோ
11 ஏப்ரல் 2025

சின்னராசா சார்,

செவ்வாய்க்கிழமை துளை போட்டார்கள். நீங்களே வந்து நின்று, தண்ணீர் விளிம்பிலிருந்து இருபத்திரண்டு காலடி வைத்துக் காட்டிய இடத்தில் ஒன்று, அதற்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. மூன்றிலும் களிமண். சுத்தமான, நீல நிறக் களிமண். பரிசோதகர் அதைக் கையில் உருட்டி, "பானை செய்யலாம்" என்றார். நீங்கள் அப்போது போய்விட்டீர்கள். நல்லவேளை.

இந்த மூன்று துளைக்காக நான் எத்தனை பேரிடம் நின்றேன் தெரியுமா? தலைவர் இப்போது ஆபீசில் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார், அதை எழுத மாட்டேன். உங்கள் வாக்குமூலம் வட்டாரப் பத்திரிகையில் வந்ததைப் பார்த்திருப்பீர்கள், காலடிக் கணக்கு உட்பட. பத்திரிகைக்கு நான் கொடுக்கவில்லை. பட்டியலில் இருந்து எடுத்திருக்கிறார்கள்.

படிகள் இருந்த இடத்திலேயே இருக்கும். முப்பதாம் தேதி வரைபடம் இறுதியாகிறது. எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். இல்லை. நீங்கள் பொய் சொல்லவில்லை என்று இன்னும் நினைக்கிறேன், அதுதான் பெரிய எரிச்சல். பொய்யராக இருந்திருந்தால் மறந்துவிடலாம். எண்ணத் தெரியாத ஒரு வியாபாரியை நம்பியிருக்கிறேன்.

வனஜா

*

ஒஸ்லோ
2025 சித்திரை 18, பெரிய வெள்ளி

வனஜா அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை வாசித்து முடித்ததும் பரிசோதகருக்கு ரெலிபோன் அடியுங்கள். அவர் மலைக் குடிலில் இருந்தாலும் அடியுங்கள்.

உங்கள் பத்திரிகைக்காரன் புண்ணியத்தில் என் கடை எப்படி இருக்கிறது என்று முதலில் சொல்கிறேன். எல்லிங்ஸ்ருட்டில் இருந்து பஸ் எடுத்து வருகிற ஆட்கள் இப்போது பஸ் எடுத்து ஹவுகெட்டோவுக்குப் போகிறார்கள். என்னிடம் எப்போதும் வாங்குகிற யோகாம்பாள் அக்கா நேற்று வந்து, வெங்காயத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "தம்பி, உன்ரை வெங்காயம் இருட்டுக்கை மினுங்குதாம், கரண்ட் செலவு மிச்சம் எண்டு கதைக்கினம்" என்றார். கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

அந்த நேரம் பார்த்து பிலேந்திரன் வந்தான். ஒருநாளும் வராதவன். கையில் பத்திரிகை. என் தோல்வியைப் பார்க்காமல் அவனுக்கு ஈஸ்டர் வராது போலிருக்கிறது.

"என்ன சின்னராசா, இருபத்திரண்டு காலடியோ?" என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டான். "தண்ணியிலை இருந்து எண்ணினியாம், எழுதியிருக்கு."

"எண்ணினனான். நாப்பது தரம்."

"எந்தத் தண்ணியிலை இருந்தடா எண்ணினனீ? நாங்கள் வண்டில் இழுத்தது பாதை எண்டோ நினைச்சுக்கொண்டிருக்கிறாய்? அது ஆறு! ஆத்தோரம் உறைஞ்சு கிடந்த ஐஸ். நான் இடுப்பளவுக்குத் தண்ணிக்கை போகேக்கை, நீ நிண்டு என்னை இழுத்ததும் ஆத்துக்கு மேலைதான். ஐஸ் முடியிற இடத்தைக் கரை எண்டு எண்ணின மடையன் நீ. அண்டைக்கும் உனக்குக் கரை தெரியாது, இண்டைக்கும் தெரியாது!"

யோகாம்பாள் அக்கா வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "அப்ப பிலேந்திரன், நீங்களும் அங்கை நிண்டனீங்களோ?"

அவன் முகம் போன போக்கை எழுத எனக்குத் தமிழ் போதாது. "நான்... ஆக்கள் சொல்லிக் கேள்விப்பட்டது" என்றான். "இடுப்பளவு நனைஞ்சதையுமோ?" என்றார் அக்கா. பத்திரிகையையும் விட்டுவிட்டுப் போய்விட்டான்.

அவன் சொன்னது சரி. முதல் பனிக்காலம். பனி மூடினால் நிலமும் ஆறும் எங்களுக்கு ஒன்றுதான். வெள்ளையாகச் சமமாகக் கிடந்தது, பாதை என்று நினைத்தேன். அவன் விழுந்ததையும் வழியில் தண்ணீர் தேங்கிய ஏதோ குழி என்றுதான் நினைத்தேன். இந்த நாட்டில் பிறந்த ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது தெரியும். நாற்பது வருடமாக அந்தக் கணக்கை மந்திரம் மாதிரி வைத்திருந்தேன், தொடக்கப் புள்ளியே ஆற்றுக்கு நடுவில் இருந்திருக்கிறது. வளைவில் ஐஸ் ஆறேழு காலடி அகலம் இருந்திருக்கும். அவ்வளவையும் கழியுங்கள். பள்ளம் நான் காட்டிய இடத்தைவிட ஆற்றுப் பக்கமாக ஐந்து மீட்டர் தள்ளி இருக்கிறது. உங்கள் வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். அது உங்கள் மேல் படிக்கு நேர் கீழே.

ஒரு முட்டாள் எண்ணிப் பிழைவிட்டான் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். எனக்கு ரோசம் இல்லை. இன்னும் ஒரு துளை.

சின்னராசா

*

ஒஸ்லோ
12 மே 2025

சின்னராசா சார்,

பரிசோதகர் மலையில்தான் இருந்தார். தலைவர் முடியாது என்றார். "ஐஸ் மேல் நின்று எண்ணினாராம்" என்று நான் சொன்னதும் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பரிசோதகர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சின்ன வயதில் வடக்கே ஆற்றோரத்தில் வளர்ந்தவராம். "அந்நியர் யாரும் அதைக் கற்பனை செய்து சொல்ல முடியாது" என்றார். இருபத்தெட்டாம் தேதி வந்து, ஆற்றுப் பக்கமாக ஐந்து மீட்டரில் ஒரு துளை போட்டார். இரண்டரை மீட்டர் ஆழத்தில் இயந்திரம் ஒரு தகரத்தைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தது. அதில் ஒட்டியிருந்த சேறு மஞ்சள். நான் பக்கத்தில் நின்றேன்.

இப்போது அந்த வளைவே வேலைக்கு மூடியாகிவிட்டது. பீப்பாய்களை வெளியே எடுக்க இரண்டு வருஷம் ஆகலாம். அதுவரை களிமண் போர்த்தி, ஆளுயர வேலி. என் படிகள் வரைபடத்தில் இல்லை. இனி வரவும் வராது, பூங்காவின் நடுப்பகுதியைத் தலைவர் வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். நான் சைக்கிள் நிறுத்துமிடம் வரைகிறேன். நிறுத்துமிடத்துக்கு யாரும் பரிசு கொடுப்பதில்லை.

வருத்தம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். பதினாறு வருஷத்தில் நான் வரைந்த நல்ல விஷயம் அது ஒன்றுதான். அது நஞ்சு மேல் நின்றிருக்கும்.

சிரித்த ஆறு பேரும் இப்போது, தங்களுக்கு முதலிலேயே சந்தேகம் இருந்தது என்கிறார்கள். நகரசபை விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு பெண் உங்களைத் தேடினாள். பூங்காத் திறப்பு விழாவில் நீங்கள் மேடையில் ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். 'மனச்சாட்சியின் குரல்' என்று தலைப்பு வைத்திருக்கிறார்கள். உங்கள் பதில் என்னவென்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டு அனுப்புவதாகச் சொல்லிவிட்டேன்.

உங்கள் களஞ்சியத்தை இப்போது காலி செய்ய வேண்டாம், இரண்டு வருஷம் தாராளமாக இருக்கலாம். நில உரிமையாளரிடம் நான் கேட்டேன்.

வனஜா

*

ஒஸ்லோ
2025 ஆனி 3

வனஜா அவர்களுக்கு,

களஞ்சியத்தைச் சனிக்கிழமை விட்டுவிட்டேன். போவேன் என்று எழுதிக் கொடுத்தேன், போனேன். அங்கேயே நின்றிருந்தால் உங்கள் தலைவர் சொன்னது கடைசியில் சரியாகிவிடும். அந்தச் சந்தோஷத்தை நான் அவருக்குக் கொடுக்க மாட்டேன். இப்போது பியோர்ண்டாலில் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறேன். யன்னல் இல்லை. வந்த ஆட்களை விரல் விட்டு எண்ணலாம். இந்தத் தடவை சரியாக எண்ணுகிறேன்.

மேடைக்கு வர மாட்டேன். மனச்சாட்சியாம்! முப்பத்தொன்பது வருடம் வாய் மூடி இருந்தவனுக்கு வைக்கிற பெயரா அது? அந்த விளம்பரப் பெண்ணுக்குச் சொல்லுங்கள்: நான் புதைத்தேன், நீங்கள் அதன் மேல் படி கட்டப் பார்த்தீர்கள், அவர்கள் சிரித்தார்கள். இதில் கைதட்டுகிற இடம் எது? பேச ஆள் வேண்டுமென்றால் பிலேந்திரனைக் கூப்பிடட்டும். நேற்றுக் கோயிலில், பீப்பாயைக் கண்டுபிடித்துக் கொடுத்ததே தான்தான் என்று சொல்லிக்கொண்டு நின்றான். இன்னும் ஒரு மாதத்தில் அதை அவனே நம்பிவிடுவான். ஆனால் அவன் கடையிலும் இப்போது வெங்காயத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்களாம். யோகாம்பாள் அக்காதான் வந்து சொன்னார். இரண்டு கிலோ வாங்கிக்கொண்டும் போனார்.

உங்களைப் பற்றி ஒன்று. நான் கையெழுத்துப் போட்டது நல்லவனாக அல்ல, உங்கள் ஏச்சுத் தாங்க முடியாமல். நீங்கள் அலைந்து துளை கேட்டபோது உங்களுக்கு என்ன போகும் என்று தெரிந்தே கேட்டீர்கள். உங்கள் ஆபீசில் அப்படிக் கேட்கக்கூடிய ஆள் வேறு ஒருவரும் இல்லை. சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒழுங்காகப் போடுங்கள். மழைக்கு ஒரு கூரை போடுங்கள், துருப்பிடித்த இரும்பில் போடாதீர்கள்.

இன்று காலை கடைசிச் சாமான்களை எடுக்கப் போனபோது வேலியைப் பார்த்தேன். பார்க்க அசிங்கம். நல்ல உயரம். ஒரு நோர்வேக்காரப் பெண் சின்னப் பிள்ளையோடு நின்றாள். பிள்ளை சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, தண்ணீருக்குப் போக வேண்டுமென்று வேலியைப் பிடித்து உலுக்கி அழுதது. அவள் என்னைப் பார்த்து, இவ்வளவு அழகான வளைவை இப்படிக் கெடுத்தது யாருடைய வேலை என்று கேட்டாள்.

என்னுடைய வேலை என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பதில் சொல்லவும் தகுதியில்லாத ஆளைப் பார்க்கிற பார்வை. உங்கள் ஆபீசில் அந்த ஆறு பேரும் உங்களை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று விளங்கியது. பிறகு கத்துகிற பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அந்தப் பிள்ளையின் இரண்டு கால்களும் காற்றில் உதைத்துக்கொண்டே போயின. இரண்டும் காய்ந்திருந்தன.

சின்னராசா